சயனோடைப் படம் கழுவும்போது வெளுக்கிறது: தண்ணீரா, காகிதமா? கூடவே, எந்தப் படத்துக்கு இந்த நீலம்?

புளியமரம்

எல்லோருக்கும் வணக்கம். ஏ4 அளவில் சயனோடைப் அச்சிடுகிறேன், அதாவது இரும்பு உப்பு பூசிய காகிதத்தின் மேல் நெகட்டிவை வைத்து வெயிலில் நீலப் படம் எடுக்கும் பழைய முறை. செய்முறை வழக்கமானதுதான்: ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம் 100 மி.லி. தண்ணீரில், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம் இன்னொரு 100 மி.லி.யில். இரண்டையும் சரிபாதி கலந்து தூரிகையால் பூசுகிறேன். காகிதம் ஸ்டேஷனரி கடையில் வாங்கிய 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் பேப்பர். நெகட்டிவ், ஓஎச்பி ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) லேசர் பிரிண்ட். உச்சி வெயிலில் 8 நிமிடம், பிறகு போர் தண்ணீர்க் குழாயில் 20 நிமிடம் கழுவல்.

சிக்கல் மூன்று. வெயிலில் நன்றாக ஏறும் நீலம் கழுவும்போது பாதியாகிவிடுகிறது. இரண்டு வாரத்தில் வெள்ளைப் பகுதிகள் பழுப்பேறுகின்றன. படம் முழுக்கக் குண்டூசித் தலை அளவில் கருநீலப் புள்ளிகள் வேறு.

இது போக ஒரு கேள்வி. கைவசம் இருப்பவை பெரும்பாலும் தேர்த் திருவிழாப் படங்கள். கலரில் நன்றாக இருப்பவை நீலத்தில் செத்துக் கிடக்கின்றன. எந்த மாதிரிப் படத்தை இந்த முறைக்குத் தேர்ந்தெடுப்பது?

இருட்டறை

முதலில் கழுவல். 20 நிமிடம் போர் தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. இந்த நீலம் பிரஷ்யன் நீலம். அமிலத்தில் அசையாது, காரத்தில் உடையும். உடைந்தால் மிஞ்சுவது இரும்பு ஹைட்ராக்சைடு, அதாவது துருவின் பழுப்பு. உங்கள் முதல் இரண்டு சிக்கலுக்கும் வேர் இதுவாகத்தான் இருக்க வேண்டும். பிஹெச் தாள் ஒன்றை வாங்கிக் குழாய்த் தண்ணீரில் தொட்டுப் பாருங்கள். 7.5க்கு மேல் காட்டினால் அந்தத் தண்ணீரில் நேராகக் கழுவக் கூடாது. டிடிஎஸ் மீட்டர் இதற்கு உதவாது. உப்பு எவ்வளவு என்றுதான் அது சொல்லும், காரமா அமிலமா என்று சொல்லாது.

மாற்று வழி இது. முதல் தட்டில் 1 லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் சிட்ரிக் அமிலம், அதாவது மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவது. இல்லையென்றால் 50 மி.லி. வெள்ளை வினிகர். படத்தை முகம் குப்புறப் போட்டு இரண்டு நிமிடம் மெதுவாக ஆட்டுங்கள். மஞ்சள் கரைந்து இறங்குவது தெரியும். அதன்பின் ஆர்ஓ தண்ணீரோ மழைத் தண்ணீரோ மூன்று முறை மாற்றி, ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு நிமிடம். மொத்தம் 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டியதில்லை. ஓடும் குழாயின் கீழே பிடிக்காதீர்கள், நார் மேல் இருக்கும் நீலத்தைத் தண்ணீரின் வேகமே கிளப்பிவிடும்.

குறைவாகக் கழுவினாலும் வெள்ளை பழுப்பாகும் என்பதையும் மனத்தில் வையுங்கள். மிஞ்சிய இரும்பு உப்பு வெளிச்சத்தில் மெல்ல மாறும். வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது. கழுவல் போதாமல் வரும் கறையில் ஒரு நீலச் சாயல் இருக்கும், நீலப் பகுதிகள் திடமாகவே நிற்கும். காரத்தால் வந்தது என்றால் வெள்ளை பழுப்பேறும்போதே நீலமும் சேர்ந்து தளரும்.

புள்ளிகள்: உங்கள் தூரிகையில் தகரப் பட்டை இருக்கிறதா? கரைசல் அந்த இரும்பைத் தொட்டால் அங்கேயே நீலம் பிறக்கும். உலோகமே இல்லாத ஹேக் தூரிகை அல்லது ஸ்பாஞ்ச் தூரிகைக்கு மாறுங்கள். துருப்பிடித்த குழாயிலிருந்து வரும் துகளும் இதே வேலையைச் செய்யும். பச்சை நிறச் சிட்ரேட் கரைசலின் மேல் பூஞ்சை ஆடை மிதக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊர்ச் சூட்டில் சில வாரத்திலேயே வந்துவிடும். காபி ஃபில்டர் தாளில் வடிகட்டினால் கரைசல் பழையபடி பயன்படும், தைமால் ஒரு சிட்டிகை போட்டு வைத்தால் பூஞ்சை தள்ளிப்போகும்.

வடமராட்சியான்

இருட்டறை அண்ணை சொன்னது சரி, ஆனால் தண்ணியை மட்டும் குற்றம் சொல்லிப் போட்டு விடேலாது. யாழ்ப்பாணத்தில் நிலத்தடி முழுக்கச் சுண்ணக்கல், கிணத்துத் தண்ணி எவ்வளவு கடினம் எண்டு எல்லாருக்கும் தெரியும். அந்தத் தண்ணியிலும் முதல் தட்டில் வினிகர் விட்டுப் பாவிச்சால் படம் நிக்குது. ஏமாத்துறது கூடுதலாகக் காகிதம்தான்.

வாட்டர்கலர் பேப்பர் பலதில கல்சியம் காபனேற்று சேர்க்கினம், காலப்போக்கில் அமிலம் ஏறி மஞ்சளாகாமல் இருக்க. அது காரம், ஓவியருக்கு வரம், எங்களுக்கு விஷம். உறையில் "ஆசிட் ஃப்ரீ" எண்டு பெரிசாப் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கோ. சோதனை: ஒரு மூலையில் தேசிக்காய்ச் சாறு ஒரு சொட்டு விட்டு லென்ஸால பாருங்கோ. நுரைக் குமிழ் வந்தால் சுண்ணாம்பு இருக்கு.

வேற காகிதம் கிடைக்காட்டி இதையே திருத்தலாம். சல்பாமிக் அமிலம் 10 சதவீதக் கரைசல், 1 லிட்டருக்கு 100 கிராம். காகிதத்தை அரை மணித்தியாலம் ஊறவிட்டால் குமிழ் வந்து அடங்கும். பிறகு நல்ல தண்ணியில் இரண்டு தரம் அலசி, தொங்கவிட்டுக் காயவைக்க வேணும். சிட்ரிக் அமிலம் இதுக்குச் சரிவராது. அதோட சேர்ந்து உண்டாகிற கல்சியம் சிட்ரேற்று லேசில் கரையாது, நாருக்குள்ளேயே தங்கிவிடும். கையுறை கட்டாயம்.

காயல்காற்று

இன்னொரு காரணமும் இருக்கலாம், யாரும் சொல்லவில்லை. லேசர் பிரிண்ட் நெகட்டிவ். டோனரின் கறுப்பு கண்ணுக்குத்தான் கறுப்பு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சல்லடை. ஆக உச்ச வெளிச்சப் பகுதிகளிலும் புற ஊதாக் கதிர் கசியும், "வெள்ளை கெடுகிறதே" என்று பயந்து எட்டு நிமிடத்திலேயே நிறுத்துவோம். நிழல்களுக்கு எட்டு போதாது. போதாமல் வெளிச்சம் வாங்கிய நீலம் கழுவலில் கரைந்துதான் போகும். தண்ணீரும் காகிதமும் சரியாக இருந்தால்கூட!

வெயிலில் எப்போது நிறுத்துவது என்பதற்கு நிறம்தான் கடிகாரம். பூச்சு காய்ந்ததும் மஞ்சள் கலந்த பச்சை. வெயிலில் முதலில் நீலமாகும், பிறகு அழுக்கு நீலம், பிறகு நிழல் பகுதிகள் சாம்பல் பூத்து வெண்கலம் போல மினுக்கும். அந்த மினுக்கு ஆழ்ந்த நிழல்களில் வந்தபிறகுதான் எடுக்க வேண்டும். பார்க்கக் கெட்டுப்போனது மாதிரி இருக்கும், தண்ணீரில் போட்டதும் திரும்பிவிடும். படம் அழகாகத் தெரியும் கட்டத்தில் எடுத்தால் அது குறை வெளிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புளியமரம்

நன்றி சார், நன்றி அண்ணை. தூரிகையில் தகரப் பட்டை இருக்கிறது, மாற்றிவிடுகிறேன். எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்த்தேன், குமிழ் வருகிறது. லேசரை விட்டு இங்க்ஜெட்டுக்குப் போனால் எந்த ஷீட், எப்படி அமைப்பது?

இருட்டறை

இங்க்ஜெட்டுக்கென்று ஒரு பக்கம் மட்டும் பூச்சு உள்ள ஷீட் கேளுங்கள். விரல் நுனியை ஈரப்படுத்தித் தொட்டால் ஒட்டும் பக்கம்தான் மை ஏற்கும் பக்கம். சாதா ஓஎச்பி ஷீட்டில் மை காயாமல் குளம் கட்டும். பிரிண்டரில் காகித வகையை ஃபோட்டோ பேப்பர் என்றும் தரத்தை உச்சம் என்றும் வையுங்கள். படத்தை இடவலமாகத் திருப்பி அச்சிட வேண்டும். அப்போதுதான் மைப்பக்கம் காகிதத்தோடு நேராக ஒட்டும், விளிம்புகள் கூர்மையாக வரும்.

அதன்பின் செய்ய வேண்டியதைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். மை இல்லாத வெற்று ஷீட்டின் ஒரு துண்டைப் பூசிய காகிதத்தின் மேல் வைத்து, அட்டையால் மூடி மூடி 2, 4, 6, 8, 10, 12 நிமிடப் பட்டைகள் எடுங்கள். கழுவிக் காயவைத்து ஒரு நாள் கழித்துப் பாருங்கள். எந்தப் பட்டைக்குப் பிறகு நீலம் மேலும் ஆழமாகவில்லையோ அதுதான் உங்கள் அடிப்படை நேரம். இனி எல்லாப் படத்துக்கும் அதே நேரம். மாற்ற வேண்டியதை நெகட்டிவில் மாற்றுங்கள், வெயிலில் மாற்றாதீர்கள்.

ஸ்டூஃபர் 21 படி அளவுப்பட்டை (தெளிவிலிருந்து கறுப்பு வரை படிப்படியாக அடர்ந்து போகும் ஃபிலிம் துண்டு) கிடைத்தால் வேலை இன்னும் சுருக்கம். ஒவ்வொரு படியும் 0.15 அடர்த்தி, இரண்டு படி என்றால் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் பாதி. முதல் மூன்று படிகள் ஒரே ஆழத்தில் வந்தால் நேரத்தைப் பாதியாகக் குறைக்கலாம் என்று அர்த்தம்.

நேரம் முடிவானதும் 0 முதல் 100 வரை 5 சதவீத இடைவெளியில் 21 கட்டங்கள் கொண்ட சாம்பல் அட்டவணையை நெகட்டிவாக்கி அதே நேரத்தில் அச்சிடுங்கள். காய்ந்ததை ஸ்கேன் செய்து ஒவ்வொரு கட்டத்தின் மதிப்பையும் குறித்தால், எங்கே நிழல் ஒரே நீலமாக அடைந்துபோகிறது, எங்கே வெளிச்சம் காகித வெள்ளையாகப் பறக்கிறது என்று தெரியும். மென்பொருளில் சாயல்களை ஏற்றி இறக்கும் கர்வ்ஸ் கருவியில், அந்தக் குறையை ஈடுகட்டும் எதிர்வளைவு போட்டுச் சேமித்துக்கொள்ளுங்கள். ஜிம்ப் என்ற இலவச மென்பொருள் போதும், காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டாம். நெகட்டிவின் 100 சதவீதக் கறுப்புக் கட்டமே இளநீலமாக வந்தால் மை போதவில்லை. அப்படியானால் நெகட்டிவைக் கறுப்புக்குப் பதில் ஆரஞ்சு அல்லது பச்சை நிறத்தில் அச்சிட்டுப் பாருங்கள், பல பிரிண்டர்களின் மஞ்சள் மை புற ஊதாவைக் கறுப்பைவிட நன்றாகத் தடுக்கும். மாறாக 80க்கு மேல் எல்லாம் ஒரே வெள்ளை என்றால் மை அதிகம்.

ஏழாம்சுவர்

மன்னிக்கணும், நடுவில் புகுகிறேன். 21 கட்டம், ஸ்கேன், எதிர்வளைவு... இவ்வளவு செய்து கடைசியில் கிடைப்பது மானிட்டரில் இருந்த படத்தின் நீல நகல்தானே? அதற்கு நீல டோன் போட்டு நல்ல மேட் பேப்பரில் பிரிண்ட் எடுத்தால் அஞ்சே நிமிஷம். கையால் பூசும் முறையின் உயிரே அது சொன்னபடி கேட்காததில்தான் இருக்கிறது. தூரிகைத் தடம், ஓரத்து வழிசல், திட்டுத் திட்டான ஆழம். அதையெல்லாம் ஒழுங்குபடுத்தி விரட்டிவிட்டு அப்புறம் "படைப்பு" என்று பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இருட்டறை

தூரிகைத் தடம் வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விரும்பி வைத்த தடத்துக்கும் வந்து விழுந்த தடத்துக்கும் வேறுபாடு இருக்கிறது. வெளிச்சப் பகுதி பறந்துபோன படத்தைப் பார்த்து "மங்கலாக, கனவு போல இருக்கிறது" என்று சொல்வது நம் வட்டாரத்தில் ரொம்ப மலிந்துவிட்டது. அந்தக் கனவை அடுத்த பிரதியிலும் கொண்டுவர முடிந்தால்தான் அது நீங்கள் எடுத்த முடிவு.

ஏழாம்சுவர்

அடுத்த பிரதி எதுக்கு? ஓவியரிடம் போய் அதே படத்தை இன்னொன்று போடுங்கள் என்று யாராவது கேட்கிறார்களா? ஒன்றே ஒன்று, அதோடு தீர்ந்தது என்பதும் ஒரு நிலைப்பாடுதான்.

மையெழுத்து

இரண்டு பேரும் அச்சிடும் மேசையைப் பற்றியே பேசுகிறீர்கள். புளியமரம் கேட்டது எந்தப் படம் என்று. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே!

தேர்த் திருவிழா கலரில் நிற்பதற்குக் காரணம் சிவப்பும் மஞ்சளும்தான். தேர்ச்சீலை, குங்குமம், பட்டுப் புடவை, தீபச் சுடர் எல்லாம் ஒன்றை ஒன்று நிறத்தால் மட்டும் பிரித்துக் காட்டுகின்றன, வெளிச்ச அளவால் அல்ல. நிறத்தை எடுத்துவிட்டால் ஏறத்தாழ ஒரே சாம்பல். நீலத்தில் அச்சிட்டால் அந்தச் சாம்பல் ஒரே நடு நீலம். அதுதான் செத்துக் கிடக்கிறது. ஆகவே நெகட்டிவ் செய்யும் முன் சேனல் மிக்ஸரில் (சிவப்பு, பச்சை, நீலப் பங்குகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவி) கறுப்புவெள்ளையாக மாற்றும்போதே முடிவெடுங்கள். சிவப்புச் சேனலை ஏற்றினால் சீலை வெளிறி, பின்னாலிருக்கும் வானம் ஆழமாகும். நீலச் சேனலை ஏற்றினால் சீலை இருண்டு, வானம் காகித வெள்ளையாகப் போகும். இரண்டும் வெவ்வேறு படங்கள். எது வேண்டும் என்பதை மென்பொருள் சொல்லாது.

இன்னொன்று, இந்த நீலத்தின் அடி ஆழம் குறைவு. வெள்ளி ஜெலட்டின் அச்சின், அதாவது வழக்கமான கறுப்புவெள்ளை ஒளிப்படத் தாளின் கறுப்பு இதில் எந்நாளும் வராது. ஆகவே இருட்டின் கனத்தை நம்பி நிற்கும் இரவுப் படங்கள், தீவட்டி, வாணவேடிக்கை இதெல்லாம் தோற்கும். சுடர் வெள்ளையாகவும் சுற்றிலும் நீலமாகவும் இருக்கும்போது கண் அதை நெருப்பென்று நம்ப மறுக்கிறது. அதே திருவிழாவில் நீலம் தாங்குபவை வேறு. வெளுத்த வானத்தின் எதிரே தேரின் அலங்காரக் கூரை, தரையில் கிடக்கும் வடத்தின் முறுக்கு, சாம்பிராணிப் புகையில் பாதி மறைந்த தூண், குடை விளிம்பின் குஞ்சம். கோடும் விளிம்பும் பேசும் படங்கள். முகங்களில் கவனம் தேவை. நடுச்சாயல் மென்மையாக நகராவிட்டால் தோல் கன்றிப்போனது போலத் தெரியும்.

காயல்காற்று

உப்பளம், உவர்நிலம், அலை நுரை, வலை. இவை எல்லாம் நீலத்துக்கென்றே பிறந்தவை மாதிரி இருக்கும், அதனாலேயே கொஞ்சம் ஆபத்தும்கூட. கடலை நீலத்தில் அச்சிட்டால் பார்ப்பவர் "ஆமாம், கடல் நீலம்தானே" என்று கடந்துவிடுவார். நிறம் அங்கே எதையும் கூடுதலாகச் சொல்லவில்லை.

மையெழுத்து

ஆமாம்! ஆனாலும் இந்த முறையின் முதல் பெரிய வேலையே கடல்தான் என்பதை மறக்க முடியாது. ஜான் ஹெர்ஷெல் 1842இல் இதைக் கண்டுபிடிக்கிறார். மறு ஆண்டே அன்னா அட்கின்ஸ் பிரிட்டனின் கடற்பாசிகளை நேரடியாகக் காகிதத்தின் மேல் வைத்து வெயில் காட்டி, பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்குகிறார். பத்தாண்டு நீடித்த வேலை அது. ஒளிப்படங்களால் விளக்கப்பட்ட முதல் நூல் என்று பொதுவாக அதைத்தான் சொல்கிறார்கள். அவர் தாவரவியல் தெரிந்தவர், பாசியின் நுண்ணிழைகளைக் கையால் வரைவது பெரும்பாடு என்பதற்காக இதைக் கையில் எடுத்தார். கலை செய்கிறேன் என்று அவர் எங்கும் உட்காரவில்லை. ஆனால் அந்தப் பக்கங்களைப் பாருங்கள், ஒவ்வொரு பாசியும் காகிதத்தில் எங்கே நிற்கிறது, எவ்வளவு இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது, தன் கையெழுத்தையே நீலத்தில் அச்சிட்டு லத்தீன் பெயர் எந்த மூலையில் வைக்கப்பட்டிருக்கிறது என்று. அறிவியல் அட்டவணைக்கு அவ்வளவு தேவையில்லை. தெளிவாகக் காட்ட வேண்டும் என்ற கறார்தான் அங்கே அழகாகியிருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது சமூக ஊடகத்தில் வரும் சயனோடைப்பில் பெரும்பகுதி வேப்பிலை, பெரணி, மயிலிறகு. பத்து பேர் செய்தாலும் ஒரே படம். இலை அழகானது, அதன் நிழலும் அழகானது, செய்தவர் அங்கே செய்ய ஒன்றும் மிச்சமில்லை. அட்கின்ஸிடம் கேள்வி இருந்தது: இந்த இனத்தின் கிளை எப்படிப் பிரிகிறது? கேள்வி இல்லாமல் இலையை வைத்தால் இலைதான் வரும்.

ஏழாம்சுவர்

இதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அக்கா, நீங்கள் சொன்னதும் என் பக்கம்தான் நிற்கிறது. அட்கின்ஸ் எதிர்வளைவு போடவில்லை.

இருட்டறை

போடவில்லை, ஆனால் பாசியை அழுத்திக் காயவைத்து, கண்ணாடிக்கு அடியில் தட்டையாக ஒட்ட வைத்தார். தட்டையாக ஒட்டாவிட்டால் விளிம்பு மங்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதுவும் கட்டுப்பாடுதான், கருவி வேறு.

இந்தத் தட்டை விஷயம் நெகட்டிவுக்கும் பொருந்தும், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 4 மி.மீ. சாதாரணக் கண்ணாடி, அடியில் அதே அளவு பிளைவுட், இடையில் மெல்லிய ஃபோம் ஷீட், சுற்றிலும் எட்டு பைண்டர் கிளிப். நடுவில் மட்டும் மங்கல் வந்தால் ஃபோம் போதவில்லை. அக்ரிலிக் பலகை வாங்காதீர்கள், சிலவற்றில் புற ஊதாவைத் தடுக்கும் சேர்மானம் உண்டு, அரை மணி வெயிலிலும் ஒன்றும் ஏறாது. காகிதம் எலும்பு வரை காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் நெகட்டிவின் மை ஒட்டிக்கொண்டு இரண்டும் பாழ்.

மையெழுத்து

நெகட்டிவில் கைவைப்பது பற்றி ஒரு பழைய சங்கதி. லின்னேயஸ் ட்ரைப், மதராஸ் மாகாண அரசின் ஒளிப்படக்காரர், 1858இல் மதுரையையும் தஞ்சையையும் மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவில் எடுத்தார். அந்தக் காலத்துப் பூச்சு நீல ஒளிக்கு மட்டுமே பெரிதும் உணர்வுள்ளது, ஆகவே வானம் அளவுக்கு மீறி வெளிச்சம் வாங்கி வெறும் வெள்ளையாகத்தான் அச்சாகும். ட்ரைப் என்ன செய்தார்? நெகட்டிவின் மேலேயே நிறமி தீட்டி மேகம் வரைந்தார், மர இலைகளைத் திருத்தினார். அதே மனிதர்தான் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 அச்சுகளாக எடுத்து ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே பட்டையாக்கினார். அதில் ஒரு எழுத்தைக்கூட அழகுக்காகத் தொட முடியாது. ஒரே ஆள், ஒரே ஆண்டு. எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது என்ற தெளிவு இருந்திருக்கிறது. ஏழாம்சுவரும் இருட்டறையும் சண்டை போடும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். படம் எதற்கு என்பது தெரியாமல் கட்டுப்பாடு வேண்டுமா வேண்டாமா என்று பொதுவாகப் பேசுவதில் பயனில்லை.

புளியமரம், செய்து பார்க்க ஒரு வேலை தருகிறேன். வடத்தின் படம் ஒன்றை எடுங்கள். ஒரே நெகட்டிவ், ஒரே நேரம், ஆனால் மூன்று பூச்சு. ஒன்று ஓரம்வரை சீராக, ஒன்று தூரிகைத் தடம் வெளியே தெரிய, ஒன்று வடம் இருக்கும் இடத்தை மட்டும் பூசி மீதிக் காகிதத்தை வெறுமையாக விட்டு. பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவிட்டு ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். எது ஒழுங்கு, எது அலங்காரம் என்று பேச்சில் தீராதது அங்கே தெரியும்.

புளியமரம்

செய்கிறேன் அக்கா. ஏ4க்கு எவ்வளவு கரைசல் கலப்பது? மிச்சத்தை வைத்துக்கொள்ள முடியுமா? ஃபெரிசயனைடு இன்னொரு கடையில் வாங்கினேன், இந்தத் தடவை மஞ்சள் படிகமாகத் தந்திருக்கிறார்கள். பழையது செக்கச் சிவப்பு.

இருட்டறை

மஞ்சளைக் கலக்காதீர்கள்! அது ஃபெரோசயனைடு. ஒரே எழுத்து வித்தியாசம், கடைக்காரர் மாற்றிக் கொடுப்பது அடிக்கடி நடப்பது. சிட்ரேட்டோடு கலந்த அந்த நொடியே வெயில் இல்லாமலே கருநீலக் கசண்டு இறங்கிவிடும். திருப்பிக் கொடுத்து, பொட்டாசியம் ஃபெரிசயனைடு, சிவப்புப் படிகம் என்று எழுதிக் காட்டியே வாங்குங்கள். சிட்ரேட்டிலும் பச்சை வகை, பழுப்பு வகை என்று இரண்டு உண்டு. பச்சை வகைதான் நமக்கு.

ஏ4க்குத் தூரிகையால் பூசினால் 3 மி.லி., அதாவது இரண்டு கரைசலிலும் ஒன்றரை ஒன்றரை. ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்தால் வீணாகாது. முதலில் குறுக்கே, உடனே நெடுக்கே, அவ்வளவுதான். திரும்பத் திரும்பத் தேய்த்தால் காகிதத்தின் மேல்தோல் உரியும். தனித்தனிக் கரைசல்கள் பழுப்பு பாட்டிலில் மாதக்கணக்கில் நிற்கும். கலந்தது சில மணி நேரம்தான். பூசும்போது ஜன்னல் வெளிச்சமும் டியூப் லைட்டும் வேண்டாம், மங்கலான மஞ்சள் எல்இடி பரவாயில்லை. ஃபேனுக்கு அடியில், இருட்டில் ஒரு மணி நேரம் காயட்டும். பூசிய காகிதத்தை அன்றே பயன்படுத்துங்கள். மறுநாள் எடுத்துப் பார்த்தால் மஞ்சள் பச்சைக்குப் பதில் நீலப் பூச்சாக இருக்கும், ஈரக்காற்று அதன் வேலையைக் காட்டியிருக்கும்.

பாதுகாப்பைச் சொல்லாமல் விடக் கூடாது. ஃபெரிசயனைடு பெயரில் பயமுறுத்தினாலும் சாதாரணக் கையாளலில் நச்சு குறைவு. ஆனால் கழிவறை கழுவும் ஆசிட் போன்ற வலுவான அமிலத்தோடு சேர்ந்தாலோ கொதிக்க வைத்தாலோ ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். தட்டு, சிரிஞ்சு, கரண்டி எதுவும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. வினிகரும் எலுமிச்சை உப்பும் சொன்ன அளவில் சிக்கலில்லை.

வடமராட்சியான்

அதோட இன்னொண்டு. கழுவி எடுத்ததும் வெளிறிக் கிடந்தால் உடனே மனம் விட வேண்டாம். நீலத்தின் ஒரு பங்கு நிறமற்ற வடிவில் நிக்கும், காத்துப் பட ஒரு நாளில் தானாக ஆழமாகும். அவசரமெண்டால் கடைசித் தட்டில் 1 லிட்டருக்கு மருந்துக்கடைப் பெராக்சைடு 10 மி.லி. விட்டால் கண்முன்னாலேயே கறுக்கும். ஆனால் நாளைக்கு எப்பிடியும் வரப்போற ஆழம்தான் அது, கூடுதலாக ஒண்டும் தராது. ஆகவே சோதனைப் பட்டையை ஈரத்தில் பாத்து முடிவெடுக்கக் கூடாது.

காயல்காற்று

நீலமே ஒத்துவராத படத்துக்கு ஒரு வழி: கடுக்காய். கலம்காரித் துணிக்கு ஊறவைப்பதும் பழைய எழுதுமைக்குப் போட்டதும் இதே சரக்குதான். கொட்டை நீக்கிய தூள் 20 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஆறியதும் துணியில் வடிகட்டுங்கள். முழுக்க அச்சாகிக் காய்ந்த படத்தை முதலில் வாஷிங் சோடா ஒரு தேக்கரண்டி கலந்த 1 லிட்டர் தண்ணீரில் போட்டால் நீலம் சில நொடிகளில் வெளிறத் தொடங்கும். எங்கே நிறுத்துகிறீர்களோ அங்கே நல்ல தண்ணீரில் அலசி, கடுக்காய்க் கஷாயத்தில் ஒரு மணி நேரம் போடுங்கள். காரம் விட்டுச்சென்ற இரும்போடு டானின் சேர்ந்து ஊதா கலந்த கறுப்பாகும். முழுதும் மஞ்சளாகும்வரை வெளுத்தால் கறுப்பு அதிகம், பாதியில் நிறுத்தினால் நிழலில் நீலமும் நடுச்சாயலில் பழுப்புக் கறுப்புமாகப் பிரிந்து வரும். காகித வெள்ளையும் லேசாகப் பழுப்பேறும், அதைக் கணக்கில் வைத்தே படத்தைத் தேர்ந்தெடுங்கள். வெளிச்சப் பகுதி பளிச்சென்று இருக்க வேண்டிய படம் என்றால் வேண்டாம்.

ஏழாம்சுவர்

அட, போர் தண்ணீர் செய்த அதே வேலையை வேண்டுமென்று செய்வது. இது எனக்குப் பிடித்திருக்கிறது.

இருட்டறை

வேண்டுமென்று, சோடாவை அளந்து, நொடி எண்ணி. ஆக நீங்களும் இந்தப் பக்கம் வந்துவிட்டீர்கள் :)

புளியமரம்

கடைசியாக ஒன்று. மூன்று பூச்சையும் சுவரில் மாட்டச் சொன்னார் மையெழுத்து அக்கா. எங்கள் வீட்டுக் கூடத்தில் காலை வெயில் நேராக விழும். மங்குமா?

இருட்டறை

மங்கும். ஒளி அந்த நீலத்தை நிறமற்ற வடிவுக்குத் தள்ளும். இருட்டில், காற்றுப்படும் இடத்தில் சில நாள் வைத்தால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் அதை நம்பி வெயிலில் மாட்டாதீர்கள். எதிர்ச்சுவரில் மாட்டுங்கள். ஃபிரேம் கடையில் மவுண்ட் அட்டை கேட்கும்போது ஆவணக் காப்புக்கென்று விற்கும் காரத்தன்மை ஏற்றிய அட்டையைத் தவிர்த்து, அந்தச் சேர்மானம் இல்லாததைக் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் அட்டைத் துண்டில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சுவரில் ஈரம் கசிந்து சுண்ணாம்பு பூக்கிறது என்றால் ஃபிரேமின் பின்புறம் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டி அரை அங்குலம் தள்ளி நிற்கச் செய்யுங்கள்.